கெட்டியாப் பிடி என்கிற கெட்ட அறிவுரை

கிடார் கற்றுக்கொள்ளப் போன யாரும் முதல் மாதத்திற்குள் பத்துத் தடவையாவது கேட்டிருக்கக்கூடிய வாக்கியம் ஒன்று உண்டு: "பிக்கைக் கெட்டியாப் பிடி." வாசிக்கும்போது பிக் விரலுக்குள் சுற்றிக்கொள்கிறதா, கெட்டியாப் பிடி. நழுவுகிறதா, கெட்டியாப் பிடி. கீழே விழுந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டதா, குனிந்து எடுத்துக்கொண்டு வந்து இன்னும் கெட்டியாப் பிடி. இதை அறிவுரை என்றே நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காய்ச்சல் என்று வந்தவனிடம் "உடம்பைச் சூடா வச்சுக்காதே" என்று சொல்லி அனுப்புகிற வைத்தியம் இது.

நான் பெங்களூரில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். பதினோரு வருடமாக வாசிக்கிறேன், மேடைக்காரன் இல்லை. சனிக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் அடுக்ககத்து மொட்டைமாடியில் ஐந்தாறு பேர் கிடாரோடு கூடுவோம். புதிதாக வருகிறவர்களுக்கு ஆரம்பப் பாடம் சொல்லித்தருவது என் பொறுப்பு. அப்படி வருகிறவர்களில் பாதிப்பேர் வேறெங்கோ மூன்று நான்கு மாதம் பணம் கட்டிக் கற்று, "எனக்குக் கை வரலைங்க" என்று விட்டவர்கள். அவர்கள் வாசித்துக் காட்டவே வேண்டாம். பிக்கைப் பிடிக்கச் சொல்லிவிட்டு வலது கட்டைவிரலைப் பார்த்தால் போதும். நகத்துக்கு அடியில் ரத்தம் ஒதுங்கி வெளுத்திருக்கும். கை வராமல் போனதற்கான காரணம் அந்த வெளுப்பில் இருக்கிறது. ஆனால் தீர்ப்பு மட்டும் அவர்கள் தலையில் எழுதப்பட்டுவிட்டது: பயிற்சி போதவில்லை, கவனம் போதவில்லை, விரலில் பலம் போதவில்லை.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஓர் இயந்திரவியல் சிக்கலை எடுத்து மாணவனின் குணக்கேடாக மாற்றிவிடுகிறார்கள்.

முதலில் அந்தச் சிக்கல் என்னவென்று பார்த்துவிடலாம். பிளஸ் டூ இயற்பியல் போதும், பயப்பட வேண்டாம். விரல்களுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிக்கின் முனை தந்தியில் மோதுகிறது. தந்தி அதைப் பின்னால் தள்ளுகிறது. விரல் பிடித்திருக்கும் இடத்திலிருந்து முனை வரைக்குமான தூரம் ஒரு நெம்புகோல். அந்த நீளம் இரண்டு மடங்கானால், அதே தந்தி பிக்கைத் திருப்பிவிடும் வலுவும் இரண்டு மடங்காகும். கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளுவதற்கும் கைப்பிடியில் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். இந்தத் திருப்பலை எதிர்த்து நிற்பது விரலுக்கும் பிக்குக்கும் இடையிலான உராய்வு. அந்த உராய்வு இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: பரப்புகள் எவ்வளவு சொரசொரப்பாக இருக்கின்றன, நாம் எவ்வளவு அழுத்துகிறோம்.

ஆக, பிக் நழுவுவதற்குப் பின்னால் குறைந்தது ஐந்து காரணங்கள் இருக்கலாம். முனை அதிகமாக வெளியே நீண்டிருக்கலாம். முனை தந்திக்குள் ஆழமாகப் போகலாம். பிக் தந்தியைத் தட்டையாக, முகத்தோடு முகம் மோதலாம். பரப்பு வழுவழுப்பாக இருக்கலாம். கடைசியாக, அழுத்தம் குறைவாக இருக்கலாம். இந்த ஐந்தில் முதல் நான்கையும் பார்க்காமல், கடைசி ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவதுதான் "கெட்டியாப் பிடி". எட்டு மில்லிமீட்டர் நீண்டிருக்கும் முனையை நான்காகக் குறைத்தால் கிடைக்கும் பலன், இரண்டு மடங்கு அழுத்திப் பிடிப்பதால் கிடைக்கும் பலனுக்குச் சமம். முதலாவதற்கு எந்தச் செலவும் கிடையாது. இரண்டாவதற்கு உண்டு.

அந்தச் செலவு எங்கே விழுகிறது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அவற்றின் தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டித்தான் விரலுக்கு வந்துசேர்கின்றன. அதனால் விரலை அழுத்தும்போது அதே இழுப்பு மணிக்கட்டையும் மடக்கப் பார்க்கும். அது மடங்கிவிடாமல் இருக்க, முன்கையின் மறுபக்கத் தசைகள் எதிர்த்து இழுக்கும். இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு நின்றால் நடுவில் இருக்கும் மணிக்கட்டு விறைத்துப்போகாமல் என்ன செய்யும்? இப்போதே செய்து பாருங்கள். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் முழுப் பலத்தோடு ஒன்றோடொன்று அழுத்திக்கொண்டு மணிக்கட்டை வேகமாக ஆட்டுங்கள். பிறகு அழுத்தத்தை விட்டுவிட்டு ஆட்டுங்கள். ரெண்டும் ஒரே கைதானா என்று சந்தேகம் வரும்.

வேடிக்கை என்னவென்றால், "கெட்டியாப் பிடி" என்று சொல்கிற அதே வாய் அடுத்த நிமிடமே "மணிக்கட்டை லூசா வச்சு வாசி" என்கிறது. ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் ஒன்றாக மிதிக்கச் சொல்லிவிட்டு, வண்டி நகரவில்லை என்று ஓட்டுகிறவனைத் திட்டுவது. அவனோ முழங்கையிலிருந்து மொத்தக் கையையும் வீசி வாசிக்கப் பழகுகிறான். மூன்று பாட்டுக்குள் கை கடுக்கிறது. தமிழில் இதற்கு எத்தனை பொருத்தமான சொல் இருக்கிறது பாருங்கள்: பிடிப்பு. பற்றிக்கொள்வதும் பிடிப்பு, கழுத்திலும் இடுப்பிலும் வந்து ஆளைப் படுக்கவைப்பதும் பிடிப்பு. ஒன்று முற்றினால் மற்றது என்று நம் பாட்டிகளுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, எவ்வளவு அழுத்த வேண்டும் என்று யார் சொல்வது? இதற்கு ஆசிரியரே தேவையில்லை என்பதற்குச் சான்று இருக்கிறது. 1984-இல் ஸ்வீடனின் உமேயோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோலண்ட் யோஹான்சன், யோரான் வெஸ்ட்லிங் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் ஒரு சிறு பொருளைப் பற்றித் தூக்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை. பொருளின் பரப்பை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள்: ஒருமுறை பட்டு, ஒருமுறை மென்தோல், ஒருமுறை உப்புத்தாள். தூக்கியவர்களின் விரல்கள் ஒவ்வொரு பரப்புக்கும் ஏற்ற அழுத்தத்தைத் தாமாகவே கண்டுகொண்டன. வழுக்கும் பட்டுக்கு அதிகம், சொரசொரப்பான உப்புத்தாளுக்குக் குறைவு. அதுவும் பொருள் நழுவிவிடாமலிருக்கத் தேவையான அளவுக்குக் கொஞ்சமே கொஞ்சம் மேலே. விரல்நுனிகளை மரத்துப்போகச் செய்தபோது இந்தக் கணக்கு தடுமாறியது. அதாவது, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது விரல்நுனியின் தொடு உணர்வு.

இதைத் தெரிந்துகொள்ள ஸ்வீடன் போக வேண்டியதில்லை என்பதும் உண்மைதான். கொதிக்கக் கொதிக்கக் காபி ஊற்றிய எவர்சில்வர் டம்ளரை விளிம்பில் இரண்டு விரலால் தூக்கி டபராவில் ஆற்றுகிற எந்த மனிதரும் இந்தச் சோதனையைத் தினம் இரண்டு வேளை செய்கிறார். அவரிடம் போய் யாரும் "கெட்டியாப் பிடிங்க" என்று கத்துவதில்லை. கத்தினால்தான் காபி கொட்டும்.

பிக்கைப் பிடிக்கும்போது மட்டும் இந்த இயல்பான கணக்கு ஏன் கெடுகிறது? நழுவும் என்ற பயத்தால். எப்போது நழுவும் என்று தெரியாத பொருளைக் கை இயல்பாகவே கூடுதலாக அழுத்தும். ஈரத்தரையில் நம் நடை மாறுகிறதே, அதுபோல. முனை நீண்டு, ஆழம் கூடி, கோணம் தட்டையாக இருக்கும்வரை பிக் நழுவத்தான் செய்யும். நழுவ நழுவ கை பயப்படும், பயப்படப் பயப்பட இறுக்கும். காரணத்தை அப்படியே விட்டுவிட்டு மேலே நின்று "கெட்டியா, கெட்டியா" என்று கத்துகிறவர் அந்தப் பயத்துக்குத் தீனி போடுகிறார். சரியான பிடி என்பது மற்றதெல்லாம் சரியானபின் தானே வந்து சேர்கிற விளைவு. அதைக் கட்டளை போட்டு வரவழைக்க முடியாது.

இதைப் படிக்கும் சிலர் இந்நேரம் "கரெக்ட், அதனாலதான் நாங்க ரிலாக்ஸா பிடிக்கச் சொல்றோம்" என்று தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள், உங்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது.

வைணவத்தில் ஒரு பழைய வழக்கு உண்டு. குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டி சும்மா கிடக்கும், தாய்தான் கவ்விக்கொண்டு போகும். மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம். வடகலைக்கும் தென்கலைக்கும் இடையிலான வாதத்தில் இந்த இரண்டு குட்டிகளும் நூற்றாண்டுகளாக வந்துபோகின்றன. கிடார் ஆசிரியர்களிலும் இதே இரண்டு கட்சிகள்தான். குரங்குக் கட்சி பழையது, வகுப்பறையில் ஆள்கிறது. பூனைக் கட்சி புதியது, காணொளிகளில் ஆள்கிறது. "டென்ஷன் வேணாம் ப்ரோ, உருளைக்கிழங்கு சிப்ஸ் உடையாத மாதிரி பிடிங்க, அது பாட்டுக்கு வரும்." எட்டு மில்லிமீட்டர் முனையை வெளியே விட்டுக்கொண்டு சிப்ஸ் மாதிரி பிடித்தால் என்ன ஆகும்? பிக் பறந்து அக்வஸ்டிக் கிடாரின் ஓட்டைக்குள் விழும். அடுத்த ஐந்து நிமிடம் கிடாரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதோடு மாணவன் மறுபடியும் குரங்குக் கட்சியில் போய்ச் சேர்வான். தளர்வாகப் பிடி என்பதும், கெட்டியாகப் பிடி என்பதைப் போலவே, விளைவைக் கட்டளையாகச் சொல்கிற அதே கோளாறுதான். இரண்டு கட்சியும் பிக்கைப் பார்ப்பதில்லை, மாணவனின் மனோநிலையைப் பார்க்கின்றன.

மூன்றாவதாகச் சந்தை வருகிறது. நழுவுகிறதா, இதோ எழுத்துகள் மேடாக எழும்பிய நைலான் பிக். இதோ நடுவில் துளைபோட்ட பிக். இதோ தக்கை ஒட்டிய பிக். 'கொரில்லா ஸ்னாட்' என்று, கொரில்லாவின் மூக்குச்சளி என்று பொருள்படும் பெயரில் ஒரு பிசின் பசையே விற்கிறார்கள். எல்லாம் அந்த ஐந்தில் ஒரே ஒரு காரணத்துக்கு, பரப்பின் வழுவழுப்புக்கு, மருந்து. அந்தக் காரணம் நிஜமாகவே இருக்கிறவர்களுக்கு இது உதவும், மறுக்கவில்லை. சென்னை மே மாதத்தில் கைவியர்வையோடு வாசிக்கிறவர் பளபளக்கும் செல்லுலாய்டை விட்டுவிட்டு, டன்லப் நிறுவனம் 1981-இல் கொண்டுவந்த டார்ட்டெக்ஸ் போன்ற மங்கலான, மாவு பூசினாற்போன்ற பரப்புக்கு மாறுவது புத்திசாலித்தனம். ஆனால் முனை நீளத்தால் வரும் நழுவலுக்குப் பசை தடவுவது, சாய்ந்த மேசைமேல் வைத்த தட்டை ஒட்டிவைப்பது மாதிரி. மேசையை நிமிர்த்துவதற்குக் காசு தேவையில்லை என்பதால் யாரும் அதை விளம்பரம் செய்வதில்லை.

இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பார்க்கலாம். பிக்கை ஏன் கையில் பிடிக்க வேண்டும்? விரலிலேயே மாட்டிக்கொண்டால் நழுவல் என்ற பேச்சுக்கே இடமில்லையே. மனிதர்களுக்கு இது தெரியாமல் இல்லை. வீணைக்காரர்களில் பலர் கம்பி நகத்தை விரலில் மாட்டிக்கொள்கிறார்கள். சிதாருக்கு மிஸ்ராப் அப்படித்தான். கிடாரிலேயே கட்டைவிரலில் மாட்டும் பிக் உண்டு. அப்படியிருந்தும் சரோத் வாசிப்பவர்கள் தேங்காய்ச் சிரட்டையில் செதுக்கிய ஜவாவைக் கையில்தான் பிடிக்கிறார்கள். அரபு ஊத் வாசிப்பவர்கள் நீண்ட ரிஷாவைக் கைக்குள் செருகிப் பிடிக்கிறார்கள். காரணம், பிடித்த பொருளை ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மாற்றிப் பிடிக்கலாம். கோணத்தைக் கொஞ்சம் சாய்க்கலாம், முனையைக் கொஞ்சம் உள்ளிழுக்கலாம், ஒரு மீட்டலுக்கு இறுக்கி அடுத்ததற்குத் தளர்த்தலாம். நழுவக்கூடியது என்பதால்தான் அது நெகிழக்கூடியது. மாறாத இறுக்கத்தில் வாசிக்கிறவரிடம் எல்லா ஸ்வரமும் ஒரே தடிமனில் கேட்கும். பேச்சில் எல்லாச் சொல்லையும் ஒரே சத்தத்தில் சொல்கிற ஆளை எவ்வளவு நேரம் கேட்பீர்கள்?

மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸை நினைத்துக்கொள்ளுங்கள். மேற்கத்திய மாண்டலினின் நான்கு ஜோடித் தந்திகளுக்குப் பதில் ஐந்து ஒற்றைத் தந்திகள் பூட்டிய மின் மாண்டலினில், பிளெக்ட்ரத்தைக் கையில் பிடித்து, கர்நாடக ராகங்களை வாசித்தவர். கமகத்தில் ஒரு மீட்டலின் ஒலி பல ஸ்வரங்களைச் சுமந்துகொண்டு போக வேண்டும். ஒரு மீட்டல் எழுந்து நிற்க வேண்டும், அடுத்தது தரையோடு தவழ வேண்டும். எல்லா மீட்டலும் சுத்தியல் அடியாக விழுந்தால் அங்கே ராகம் ஏது? 2014-இல், 45 வயதில் அவர் மறைந்தார். பதிவுகள் இருக்கின்றன. இடது கையை ரசித்தது போதும், ஒருமுறை வலது கையை மட்டும் கவனித்துக் கேளுங்கள்.

பெரிய வாசிப்பாளர்களுக்குள் பொதுவான பிடி ஒன்று இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. எடி வான் ஹேலன் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்தார், சுட்டுவிரல் தந்தியைத் தட்டுவதற்குச் சும்மா இருந்தது. ஜார்ஜ் பென்சன் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகப் பிக்கைச் சாய்த்து வாசிக்கிறார். பிரையன் மே வளையவே வளையாத ஆறு பென்ஸ் நாணயத்தால் வாசிக்கிறார். வெஸ் மான்ட்கோமரி பிக்கே வேண்டாமென்று கட்டைவிரலால் வாசித்தார். இவர்களில் யாரைப் பார்த்து "இதுதான் சரியான பிடி" என்று படம் வரைந்து பாகம் குறிக்கப்போகிறீர்கள்? இன்னொன்று. அடுத்தமுறை எந்த ராக் கச்சேரிக் காணொளியைப் பார்த்தாலும் மைக் கம்பத்தைக் கவனியுங்கள். அதில் வரிசையாகப் பிக்குகள் செருகியிருக்கும். வாழ்நாள் முழுக்க வாசித்தவர்களுக்கும் பிக் விழுகிறது. விழும் என்று தெரிந்து, அடுத்ததைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கிறார்கள். உங்கள் வகுப்பில் மட்டும்தான் அது குற்றம்.

எதிர்வாதங்களைக் கேட்காமல் போனால் நியாயமில்லை. முதலாவது: "மெட்டல் வாசிக்கணும்னா கெட்டியாப் பிடிச்சுத்தானே ஆகணும்?" ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டை உதாரணம் காட்டுவார்கள். 1986-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பாடல் எட்டு நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது. அதன் ரிஃப்களைப் பெரும்பாலும் கீழ்வீச்சிலேயே அசுர வேகத்தில் வாசிக்கிறார். ஆனால் அவர் பிக்கைப் பிடிப்பது கட்டைவிரலோடு இரண்டு விரல்களைச் சேர்த்து. பரப்பு கூடுகிறது, பிக் சுழல்வதற்கு வழி குறைகிறது. வெளியே கொஞ்சம்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் முழுப் பலத்தில் இரண்டு விரல்களை எட்டு நிமிடம் அழுத்திக்கொண்டிருங்கள் பார்க்கலாம். எந்த மனிதக் கையும் அப்படி வாசிக்காது, அவர் கையும்தான். நீங்கள் பார்ப்பது உறுதி. அதை இறுக்கம் என்று படித்துக்கொள்கிறீர்கள்.

இரண்டாவது: "ஆரம்பத்துல கெட்டியாப் பிடிக்கட்டும், போகப்போகத் தானாத் தளரும்." சிலருக்குத் தளர்கிறது, உண்மை. அவர்கள் வழியில் எங்கோ, யாரும் சொல்லாமலே, முனையைக் குறைத்துக்கொண்டவர்கள். மற்றவர்கள் ஆறு மாதம் இறுக்கத்தைப் பயிற்சி செய்து, இறுக்கத்தில் தேர்ச்சி பெறுகிறார்கள். எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ அதுதான் கைக்குப் படியும். ஆசிரியர் கண்ணுக்குத் தெரிகிறவர்கள் தாக்குப்பிடித்தவர்கள் மட்டுமே. விட்டுவிட்டுப் போனவர்களின் கிடார் அலமாரிமேல் உறைபோட்டுக் கிடக்கிறது, அவர்கள் வந்து சாட்சி சொல்வதில்லை.

மூன்றாவது: "ஒரு பிளாஸ்டிக் துண்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" ஆமாம். இங்கே கிடார் கற்க வருகிறவர்களில் நிறையப்பேர் என்னைப் போல நாளெல்லாம் விசைப்பலகையிலும் மவுஸிலும் கை வைத்துச் சம்பாதிக்கிறவர்கள். முன்கைத் தசைகள் ஏற்கெனவே களைத்த நிலையில்தான் இரவு ஒன்பது மணிக்கு கிடாரை எடுக்கிறார்கள். அந்தக் கையிடம் போய் இன்னும் இறுக்கு என்று சொல்வது பொறுப்பில்லாத பேச்சு. "வலிச்சாத்தான் முன்னேற்றம்" என்று அதற்கொரு தத்துவம் வேறு. தந்தி அழுத்தும் இடதுகை விரல்நுனிகளில் முதல் சில வாரம் எரியும், தோல் காய்த்ததும் அது போய்விடும். வலது முன்கையில் வருகிற வலி அந்த ஜாதி இல்லை. அது காய்ப்பதில்லை, சேருகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைத்து "பொறுத்துக்கோ" என்கிறவரிடம் மாதச் சந்தா கட்டாதீர்கள்.

அப்படியானால் என்ன சொல்லித்தர வேண்டும்? பெரிதாக ஒன்றுமில்லை. சுட்டுவிரலை உள்பக்கம் வளைத்து, அதன் பக்கவாட்டில் பிக்கை வைத்து, மேலே கட்டைவிரலைப் படுக்கவையுங்கள். ஒற்றைத் தந்தியில் மெலடி வாசிக்க, முனை மூன்று நான்கு மில்லிமீட்டர் வெளியே தெரிந்தால் போதும். தந்தியை முனையின் நுனி மட்டும் தொட்டுத் தாண்டட்டும், உழ வேண்டாம். பிக்கைக் கொஞ்சம் சாய்த்து அதன் விளிம்பால் தந்தியைக் கடந்து செல்லுங்கள். அரிவாள்மனையில் வெண்டைக்காயை நேராக வைத்து அமுக்குகிறவர் யாருமில்லை, சாய்த்து இழுத்தால்தான் சுலபமாக நறுக்குப்படும். அதே கணக்கு. ஆறு தந்தியையும் சேர்த்து வீசுகிற ஸ்ட்ரம்மிங்குக்கு முனை சற்று நீளலாம், ஆனால் அங்கே வளைந்து கொடுக்கிற மெல்லிய பிக் உதவிக்கு வரும். தந்திக்குத் தந்தி தாவுகிற வேகமான வாசிப்புக்கு, ஒரு மில்லிமீட்டர் வாக்கில் தடித்த பிக்கையும் முயன்று பாருங்கள். தந்தியில் பட்டு வளைந்து தாமதிக்கிற மெல்லிய பிக்கைச் சரிக்கட்ட விரல் இறுகுவதை நான் நிறைய பார்த்திருக்கிறேன்.

பிறகு ஒரே ஒரு பயிற்சி. ஒரு தந்தியை நிதானமாக, மேலும் கீழுமாக மீட்டிக்கொண்டே, அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். பிக் விழும்வரை. விழட்டும். எடுத்து மறுபடியும். பத்துத் தடவை விழுந்தபின், எந்த இடத்தில் விழுகிறது என்று விரல்நுனிக்குத் தெரிந்துவிடும். அதற்குக் கொஞ்சம் மேலே நின்றுகொள்ளுங்கள். உமேயோவில் பட்டுத்துணியைத் தூக்கியவர்களின் விரல்கள் நின்ற இடம் அதுதான். விழுவதை அனுமதிக்காத வகுப்பில் இந்த எல்லையை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. விழாமலிருக்கவே எல்லாப் பலத்தையும் செலவழிக்கிறவனுக்கு, எவ்வளவு பலம் தேவையில்லை என்பது தெரிவதற்கு வழியே கிடையாது. இடைவெளிகளில் பிக் சுழன்றிருந்தால் திருப்பிக்கொள்ளுங்கள், எல்லாரும் செய்வதுதான்.

இவ்வளவையும் சொல்லித்தர அரைமணி நேரம் ஆகும். "கெட்டியாப் பிடி" என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த அரைமணியை மிச்சப்படுத்துவதற்காகத்தான் இத்தனை பேரை "கை வராதவர்கள்" ஆக்கி வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் பாடம் நடத்துகிறவர்களைச் சந்தேகிப்பதில்லை, தங்கள் கையைச் சந்தேகிக்கிறார்கள். பாட்டு கேட்டு, ஆசைப்பட்டு, சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு வாத்தியம் வாங்கிய மனிதரிடம், இசை உன் பக்கம் இல்லை என்று நான்கு மில்லிமீட்டரின் பேரில் தீர்ப்பு எழுதுவது சின்ன அநியாயமாக எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே, சொல்லித்தருகிறவர்களே, ஒரு கோரிக்கை. அடுத்த தடவை மாணவரின் பிக் நழுவும்போது, வாயைத் திறப்பதற்கு முன் கொஞ்சம் குனிந்து, அவருடைய கட்டைவிரலுக்குக் கீழே எத்தனை மில்லிமீட்டர் வெளியே தெரிகிறது என்று பாருங்கள்.